போஸ்ட்மாஸ்டருக்கு எழுதவும்

போன கார்த்திகையில் ஒரு நாள் கோத்தகிரி மார்க்கெட்டில் கேரட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடையில் பூண்டு பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். நான் கணக்கு எழுதும் ஏஜென்ட்டுக்குத் தேயிலை போடுகிற குடும்பம்.

"ஏனுங் அம்மிணி, மூணு மாசமா கணக்கே வரலைன்னு பையன் சொல்றான். எடையில ஏதாச்சும் இழுபறியா?"

எனக்குச் சுருக்கென்றது. கணக்கு வரவில்லை என்று சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை. எடையில் இழுபறியா என்று நாலு பேர் நிற்கிற இடத்தில் கேட்டுவிட்டார். பச்சைத் தேயிலை கொடுத்து வாங்குகிற ஊரில் அந்த ஒரு கேள்வி போதும், ஆறு மாதம் வாயில் மெல்லுவார்கள். "அனுப்பினேனேக்கா, மாசாமாசம் அஞ்சாம் தேதி தவறாம அனுப்பினேனே" என்றேன். அவர் நம்பினமாதிரித் தெரியவில்லை. கேரட்டை முழு விலைக்கே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என் வேலை இதுதான். இலை ஏஜென்ட் ஒருவருக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதுகிறேன். ஒவ்வொரு தோட்டத்துக்கும் நாள்வாரியாக எவ்வளவு கிலோ வந்தது, மழைநாளில் ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, உரத்துக்கு வாங்கிய முன்பணம், ஃபாக்டரி போட்ட விலை, கடைசியில் கையில் நிற்பது எவ்வளவு. மொத்தம் 43 குடும்பங்கள். அதில் 38 வீடுகளில் கணக்குப் பார்க்கிற பிள்ளைகள் கோவையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். முன்பெல்லாம் சீட்டு எழுதி இலை மூட்டை எடுக்க வருகிற வண்டியில் கொடுத்தனுப்புவேன். அது அப்பாவின் சட்டைப்பையில் துவைபட்டு மாவாகி, பிள்ளைக்குப் போய்ச் சேராது. அதனால்தான் மெயில்.

ஆகஸ்டில் லீவுக்கு வந்த பக்கத்து வீட்டுத் தம்பி என் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தான். மாதக் கணக்கு ஷீட்டை அது 38 துண்டாக வெட்டி, ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கை மட்டும் அனுப்பும். கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்றான். "பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அக்கா இது ஒழுங்கா வேலை செய்யும் போல" என்று சொல்லி அவனே குறிஞ்சி என்று வைத்தான். சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விட்டான். அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் நான் ஸ்கிரிப்டை ஓட்டுவேன். திரையில் 38 தடவை 'அனுப்பியாச்சு', 'அனுப்பியாச்சு' என்று ஓடும். நானும் மனநிறைவோடு எழுந்துபோய் டீ போடுவேன்.

சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. என் சொந்த மெயிலெல்லாம் அதே கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராம் வழியாக ஒழுங்காகப் போய்வந்துகொண்டிருந்தது. ஏதாவது முகவரி தப்பாக இருந்தால் திரும்பி வந்துவிடும். கணக்கு மெயில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. திரும்பவில்லை என்றால் போய்ச் சேர்ந்தது என்றுதானே அர்த்தம்?

என் அப்பா இதைக் கேட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கோத்தகிரிப் பக்கத்துக் கிளை அஞ்சலகம் ஒன்றில் பிராஞ்ச் போஸ்ட்மாஸ்டராக இருந்து, 65 வயது முடிந்து 2009இல் ஓய்வு பெற்றவர். "அனுப்புநர் எழுதாத தபாலும்தான் திரும்பி வராது" என்றார். அப்புறம் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

அன்று ராத்திரி பெங்களூருக்குப் போன் போட்டேன். தம்பி தூக்கக் கலக்கத்தில், "லாக் பாருங்கக்கா" என்றான். லாக் என்பது மெயில் அனுப்பும் புரோகிராம் தன்பாட்டுக்கு எழுதிவைக்கும் நாட்குறிப்பு. (இனி வருகிற கமாண்டுகளையும் ஃபைல் பெயர்களையும் தம்பி போனில் சொன்னபடியே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.) திறந்து பார்த்தால் பக்கம் பக்கமாக ஒரே வரி: 25ஆம் போர்ட்டுக்கு இணைக்கப் பார்த்தேன், நேரம் கடந்துவிட்டது, ஒத்திவைக்கிறேன். அடுத்த வரி, அதேதான். அதற்கடுத்ததும் அதேதான். போர்ட் என்பது சர்வருக்குள் நுழைகிற, எண் போட்ட வாசல்.

"அய்யோ" என்றான் தம்பி. தூக்கம் போய்விட்டது என்று குரலிலேயே தெரிந்தது.

நடந்தது இவ்வளவுதான். அவன் போட்டுக் கொடுத்தது போஸ்ட்ஃபிக்ஸ். வீட்ஸ வெனமா என்பவர் எழுதி 1998இல் வெளிவந்த மெயில் சர்வர், இன்றைக்கும் உலகம் பூராவும் ஓடுகிறது. டெபியன் வகை லினக்ஸில் அதை ஏற்றும்போது நீலத் திரையில் ஒரு கேள்வி வரும்: நேரடியாக இன்டர்நெட்டுக்கு அனுப்பும் சர்வரா, இன்னொரு சர்வர் வழியாக அனுப்புவதா, உள்ளூரோடு சரியா? தம்பி முதலாவதைத் தட்டிவிட்டான். அதாவது எங்கள் வீட்டு மேஜைக்கு அடியில் இருக்கும் பெட்டி, பெறுநரின் மெயில் சர்வரை 25ஆம் போர்ட்டில் நேராகத் தட்டிக் கூப்பிட்டு, தபாலைக் கையில் கொடுக்க வேண்டும். ஒரு காலத்தில் எல்லோரும் இப்படித்தான் அனுப்பினார்கள். வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் லட்சக்கணக்கில் குப்பை மெயில் தள்ள ஆரம்பித்த பிறகு, வீட்டு இணைப்புகளிலிருந்து 25ஆம் போர்ட் வழியாக வெளியே போவதைப் பல இணைய நிறுவனங்கள் அடைத்துவிட்டன. எங்கள் வீட்டுக்கு ஃபைபர் கொடுத்தவர்களும் அடைத்திருந்தார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். அடைக்காமல் விட்டிருந்தாலும் பெரிதாகப் பிழைத்திருக்க மாட்டோம். குப்பை மெயிலைத் தடுக்கிற ஸ்பேம்ஹாஸ் மாதிரியான அமைப்புகள் வீட்டு இணைப்புகளின் ஐபி முகவரி எண்களைத் தனிப் பட்டியலாகவே வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலைப் பார்க்கிற சர்வர் எதுவும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

சரி, போகவில்லை, புரிகிறது. 'அனுப்பியாச்சு' என்று ஏன் சொன்னது? ஸ்கிரிப்டுக்குத் தெரிந்தது போஸ்ட்ஃபிக்ஸிடம் ஒப்படைத்தது மட்டும்தான். தபால்பெட்டியில் போட்டாச்சு என்பதை அது போய்ச் சேர்ந்தாச்சு என்ற தொனியில் சொல்லியிருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் தன் பங்குக்குப் பொறுமைசாலி. முதலில் 5 நிமிடம் கழித்து முயலும், இடைவெளி கூடிக்கொண்டே போய் 4000 விநாடிக்கு ஒரு தடவை என்று நிற்கும். இப்படி 5 நாள். நடுவில் நான் கம்ப்யூட்டரை அணைத்தாலும், மழைக்கு எங்கள் ஊர் கரண்ட் போனாலும், வரிசை டிஸ்கில் இருப்பதால் அழியாது. மறுபடி எழுந்து மறுபடி கதவைத் தட்டும். 5 நாள் முடிந்ததும் கைவிட்டு, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிடும்.

"திருப்பி அனுப்பினா எனக்கு வந்திருக்கணுமே தம்பி?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "டெர்மினல்ல மெயில்னு அடிச்சு என்டர் தட்டுங்க" என்றான்.

கமாண்டுகளை அடிக்கிற டெர்மினல் திரையைத் திறந்து தட்டினேன். வந்தது. எல்லாம் வந்தது. ஒரே தலைப்பில், ஒரே நபரிடமிருந்து, மூன்று மாதத்துத் திரும்பிய தபால் 114. அனுப்பியவர் பெயர் மெயிலர்-டீமன். எனக்கு வந்த தபால்தான், என் வீட்டிலேயே, நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ஒரு அடி தூரத்தில், வார்-மெயில் என்ற ஃபோல்டரில் என் பெயரிட்ட ஃபைலாகக் குவிந்து கிடந்தது. நான் பார்க்கும் மெயில் பெட்டி வேறு, அது வேறு.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், டெர்மினலைத் திறக்கும்போதெல்லாம் 'உங்களுக்குப் புதுத் தபால் வந்திருக்கிறது' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். மூன்று மாதமாகப் பார்த்திருக்கிறேன். வரவேற்பு வாசகம் போலிருக்கிறது, சும்மா மரியாதைக்குச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதே குவியலில், பென் டிரைவ் செருகப்படாததால் தினசரி பேக்கப் எடுக்க முடியவில்லை என்ற முறையீடும் நாள் தவறாமல் இருந்தது. அந்தக் கதையை இங்கே எழுதப் போவதில்லை. வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

ஏன் அங்கே போய் விழுந்தது? அனுப்புநர் முகவரி. நான் ஒன்றும் குறிப்பிடாததால் போஸ்ட்ஃபிக்ஸ் தானே ஒன்று தயாரித்துக்கொண்டது: என் யூசர் பெயர், அட், குறிஞ்சி. டாட் காம் இல்லை, டாட் இன் இல்லை, வெறும் குறிஞ்சி. அது எங்கள் வீட்டு மேஜைக்கு வெளியே எங்கும் இல்லாத ஊர். ஒரு விதத்தில் நேரடியாக மெயில் போகாதது நல்லதாயிற்று. போயிருந்தால், அந்தப் பிள்ளைகள் 'பதில்' பட்டனை அழுத்தி எழுதும் சந்தேகங்களெல்லாம் இல்லாத ஊருக்குப் போகப் பார்த்து அங்கேயே சுற்றியிருக்கும்.

அப்பாவிடம் அனுப்புநர் இல்லாத தபாலை என்ன செய்வீர்கள் என்று மறுநாள் கேட்டேன். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் என்று தெரிந்தேதான் கேட்டேன். பெறுநர் இல்லை, ஊரைவிட்டுப் போய்விட்டார், வாங்க மறுத்தார், அப்படி ஒருவரே கிடையாது, எதுவாயிருந்தாலும் உறையின் மேல் காரணம் எழுதி, தேதி முத்திரை அடித்து, அனுப்பியவர் விலாசத்துக்குத் திருப்புவார்கள். அந்த விலாசமும் இல்லையென்றால் ஆர்.எல்.ஓ.வுக்குப் போகும். திரும்பிய கடித அலுவலகம். பழைய பெயர் டெட் லெட்டர் ஆபீஸ், செத்த கடிதங்களின் ஆபீஸ். அவர் காலத்தில் இருந்த 1898ஆம் வருஷத்து அஞ்சல் சட்டத்தின்படி, விலாசம் தேடுவதற்காக அங்கே மட்டும் உறையைப் பிரிக்க முடிந்தது. "நாங்க பிரிக்கக் கூடாது. விளிம்பு விட்டுப்போயிருந்தாக்கூட உள்ளே பார்க்கக் கூடாது." 2009 நவம்பரில் நிலச்சரிவால் ரோடு அடைபட்டு மெயில் பை வராமல் கிடந்த நாட்களில்கூட, வந்திருந்த நாலு தபாலை மழையில் நடந்துபோய்க் கொடுத்த கதைக்குப் போய்விட்டார். அதை முழுக்கக் கேட்டேன். கேட்காமல் எழுந்திருக்க முடியாது.

ஆனால் அவர் சொன்னதில் ஒன்று என் தலையில் ஒட்டிக்கொண்டது. அவருக்கு உறைமேல் எழுதியிருப்பதுதான் தெரியும். உள்ளே கடிதத்தின் தலைப்பில் 'அனுப்புநர்' என்று பள்ளிக்கூடத்தில் எழுதச் சொல்லிக் கொடுத்தபடி என்ன எழுதியிருந்தாலும் அது அவருக்கு இல்லை. மெயிலும் அட்சரம் பிசகாமல் இப்படித்தான். இது என் உவமை இல்லை. மெயில் அனுப்புவதற்கென்று 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறையிலேயே போஸ்ட் ஆபீஸ் வாசனை அடிக்கும். இன்றைக்கும் மெயில்காரர்கள் உறை என்றுதான் பேசுகிறார்கள்.

இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்வதைத் தம்பி எனக்கு வரிவரியாகக் காட்டினான். முதலில் வணக்கம். நம் சர்வர் தன் பெயரைச் சொல்கிறது. அடுத்து 'மெயில் ஃப்ரம்', இது இன்னாரிடமிருந்து. அந்தப் பக்கம் 250 என்கிறது, சரி என்று அர்த்தம். அடுத்து 'ஆர்சிபிடி டூ', இன்னாருக்கு. மறுபடி 250. அப்புறம்தான் 'டேட்டா', கடிதம் உள்ளே போகிறது. அந்தக் கடிதத்துக்குள் 'ஃப்ரம்' என்று இன்னொரு வரி இருக்கும். நம் திரையில் தெரிவது அதுதான். வாசலில் சொன்ன 'மெயில் ஃப்ரம்'தான் உறைமேல் எழுதிய அனுப்புநர். தபால் திரும்ப வேண்டியிருந்தால் அங்கேதான் திரும்பும். கடைசியில் வாங்கிக்கொள்ளும் சர்வர் அதைக் கடிதத்தின் உச்சியில் 'ரிட்டர்ன்-பாத்' என்று குறித்துவைக்கும். ஜிமெயிலில் ஒரு மெயிலைத் திறந்து மூலத்தைக் காட்டச் சொன்னால் பார்க்கலாம். இவை இரண்டும் போக 'ரிப்ளை-டூ' என்று மூன்றாவது ஒன்று உண்டு. பதில் எழுதுகிற மனுஷர்களுக்கான முகவரி அது. ஆக அனுப்புநர் ஒருவரே, விலாசம் மூன்று. நான் இவ்வளவு நாளும் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

திரும்பி வரும் அந்த அறிவிப்புக்கே உறைமேல் அனுப்புநர் கிடையாது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி. 'மெயில் ஃப்ரம்' என்று சொல்லி, வெறும் இரண்டு கூர் அடைப்புக்குறிகளை நடுவில் ஒன்றுமில்லாமல் வைக்கும். வேண்டுமென்றேதான். திரும்பிய தபாலே போய்ச் சேராமல் இன்னொரு தடவை திரும்பினால், அது மறுபடி திரும்பினால், இரண்டு சர்வர்களும் விடியவிடியப் பந்து விளையாடிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு தடவைக்குமேல் திரும்பாது. அங்கேயே முடிந்தது. என் 114 தபாலுக்கு குறிஞ்சியில் ஒரு பெட்டி இருந்ததால்தான் அவையாவது மிஞ்சின.

இனி, சரிசெய்த கதை. அடுத்த சனி, ஞாயிறு இரண்டு நாள் பிடித்தது. வெளியே ஒரே மூட்டம், எதிர்ப்பக்கத்து சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை, வேறு வேலையும் இல்லை.

நேராக அனுப்புவதை விட்டுவிட்டு, என் மெயில் கணக்கு இருக்கும் நிறுவனத்தின் சர்வரிடம் கொடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். தண்டர்பேர்டு அதைத்தான் இத்தனை நாளும் செய்துகொண்டிருந்தது. அதன் அக்கவுன்ட் செட்டிங்ஸில் இடப்பக்கம் அடியில், வெளிச்செல்லும் சர்வர் என்று தனியாக ஒன்று இருக்கும். வருவதற்கு ஒரு சர்வர், போவதற்கு ஒரு சர்வர். போகிற சர்வரின் பெயரையும் போர்ட்டையும் அங்கிருந்தே பார்த்து எழுதிக்கொண்டேன். போர்ட் 587. அனுப்ப விரும்புகிறவர் தன் பெயரும் பாஸ்வேர்டும் சொல்லி உள்ளே வருகிற வாசல் இது. இதை அடைப்பவர்கள் அபூர்வம். சிலர் 465 கொடுப்பார்கள், அங்கே தொடக்கத்திலிருந்தே பேச்சு மறைகுறியாக்கப்பட்டிருக்கும்.

போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புகளை எழுதும் மெயின்-டாட்-சிஎஃப் ஃபைலில் 'ரிலேஹோஸ்ட்' என்ற வரிக்கு எதிரே அந்தச் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு, ஒரு முக்காற்புள்ளி வைத்து 587. அடைப்புக்குறி அலங்காரம் இல்லை. அது இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு மெயில் வாங்கும் சர்வர் எது என்று டிஎன்எஸ்ஸில், அதாவது இணையத்தின் முகவரிப் புத்தகத்தில், தேடப் போய்விடும். நாம் சொன்ன கதவுக்கே போ என்பதற்குத்தான் அடைப்பு. பாஸ்வேர்டு வேறொரு ஃபைலில், ஒரே வரியாக. அதிலும் சர்வர் பெயரை எழுத வேண்டும். நான் அங்கே அடைப்புக்குறி இல்லாமல் எழுதிவிட்டேன். இரண்டும் ஒன்றுதானே என்று எனக்குத் தோன்றியது, போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தோன்றவில்லை. அடைப்பு, முக்காற்புள்ளி, எண் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் அது என்னுடைய பாஸ்வேர்டு என்று எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் கையை வீசிக்கொண்டு போய் நிற்கும். அந்தப் பக்கம் 530, முதலில் யார் என்று சொல் என்று விரட்டிவிடும். ஒன்றரை மணி நேரம். இதற்காகப் பாஸ்வேர்டை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபைலை எழுதியபின், போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கிற வடிவத்துக்கு அதை மாற்றும் 'போஸ்ட்மேப்' கமாண்டை ஓட்ட வேண்டும், ஒவ்வொரு திருத்தத்துக்கும். ஃபைலை நாம் மட்டும் படிக்கும்படி 600 என்று உரிமை மாற்றிவிட வேண்டும், பாஸ்வேர்டு அப்பட்டமாக அதில் இருக்கிறது.

ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 மே 30க்குப் பிறகு உங்கள் வழக்கமான பாஸ்வேர்டு இந்த மாதிரி வேலைக்குச் செல்லாது. இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்று உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதோடு, நீங்கள் கடிதத்தில் வேறு அனுப்புநர் போட்டிருந்தாலும், அந்த முகவரி உங்களுடையது என்று முன்கூட்டியே நிரூபித்திராவிட்டால், ஜிமெயில் அதை அழித்து உங்கள் கணக்கு முகவரியையே போட்டு அனுப்பும்.

என் நிறுவனம் மாற்றி எழுதுகிற ரகமில்லை. பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு உள்ளே விட்டது. 'மெயில் ஃப்ரம்' என்று குறிஞ்சி முகவரியைச் சொன்னதும் 553 என்றது. இந்த முகவரி உனக்குச் சொந்தமில்லை. நியாயம்தான். இன்றைக்கு மெயில் வாங்குகிறவர்கள் உறைமேல் இருக்கும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொண்டு, அந்த ஊர் சார்பில் அனுப்ப இந்தச் சர்வருக்கு அனுமதி உண்டா என்று டிஎன்எஸ்ஸில் பார்க்கிறார்கள். எஸ்பிஎஃப் என்று அதற்குப் பெயர். உறைமேல் ஒரு ஊரும் உள்ளே ஒரு ஊருமாக இருந்தால் டிமார்க் என்று இன்னொரு சோதனை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் பிடியை இறுக்கியிருக்கிறார்கள். குறிஞ்சி என்று ஊரே இல்லாதபோது யாரிடம் போய் அனுமதி கேட்பது?

இங்கே ஒரு குறுக்கு வழி கண்ணில் பட்டது. கம்ப்யூட்டரின் மெயில் பெயரையே என் மெயில் நிறுவனத்தின் டொமைன், அதாவது அதன் ஊர்ப்பெயர், என்று மாற்றிவிட்டால்? போனில் சொன்னதும் தம்பி அலறினான். அப்படிச் செய்தால் என் பெட்டி தன்னைத்தான் அந்த நிறுவனம் என்று நினைத்துக்கொள்ளும். அங்கே கணக்கு வைத்திருக்கிற யாருக்கு அனுப்பினாலும், இது உள்ளூர்த் தபால், ஆனால் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று மேஜைக்கடியிலேயே முடித்துவிடும்.

சரியான வழி 'ஜெனரிக்' என்ற பட்டியல். இடப்பக்கம் குறிஞ்சி முகவரி, வலப்பக்கம் என் நிஜ முகவரி. கம்ப்யூட்டரின் நிர்வாகிக் கணக்கான ரூட் என்ற பெயரில் போவதற்கும் அதே மாதிரி ஒரு வரி. தபால் வீட்டை விட்டு வெளியேறும் வாசலில் மட்டும், உறைமேலும் உள்ளேயும் முகவரியை மாற்றிவிடும். வீட்டுக்குள் குறிஞ்சி குறிஞ்சியாகவே இருக்கும். இதற்கும் போஸ்ட்மேப் ஓட்ட வேண்டும். ஸ்கிரிப்டில் 'ரிப்ளை-டூ' வரி ஒன்றும் சேர்த்தேன். கணக்குச் சந்தேகங்கள் என் தங்கையோடு பேசுகிற மெயில்களுக்கு நடுவே வந்து விழாமல் தனி முகவரிக்குப் போகட்டும் என்று.

எனக்கே ஒன்று அனுப்பிப் பார்த்தேன். வந்தது. மூலத்தைத் திறந்தால் ரிட்டர்ன்-பாத்தில் என் நிஜ முகவரி. அப்பாடா என்று எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன். போகிறது சரி. திரும்புகிறதா? இதைச் சோதிக்காததால்தானே மார்க்கெட்டில் பேச்சு வாங்கினேன். வேண்டுமென்றே இல்லாத ஒரு பெயருக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் என் நிஜ மெயில் பெட்டிக்குத் திரும்பி வந்தது, 550, அப்படி ஒருவர் இல்லை. அடுத்ததாகப் பாஸ்வேர்டு ஃபைலில் ஒரு எழுத்தைத் தப்பாக்கி அனுப்பினேன். இது வேறு விதம். தபால் வீட்டு வாசலையே தாண்டவில்லை, அதனால் உறைமேல் இன்னும் குறிஞ்சிதான். வரிசையில் நிற்கும், 5 நாள் கழித்து அதே பழைய வார்-மெயிலுக்குள் விழும். ஆக ஓட்டை இன்னும் அடைபடவில்லை.

அதற்கு மருந்து 'ஏலியாசஸ்' என்ற ஃபைல். குறிஞ்சியில் என் பெயருக்கு வருவதை நிஜ முகவரிக்கு அனுப்பு என்று ஒரு வரி எழுதி, 'நியூஏலியாசஸ்' ஓட்டினேன். மெயின்-டாட்-சிஎஃப்பில் தாமத எச்சரிக்கை நேரம் என்று ஒன்று உண்டு. அது பூஜ்யத்தில் இருக்கும், அதாவது எச்சரிக்கையே கிடையாது. 4 மணி நேரம் என்று வைத்தேன். இனி 5 நாள் காத்திருக்க வேண்டாம், நாலு மணி நேரம் தேங்கினாலே சொல்லிவிடும். பாஸ்வேர்டே கெட்டுப்போனால் அந்தச் சொல்லும் வெளியே போகாது என்பது உண்மை. அதற்காக அஞ்சாம் தேதி கணக்கு அனுப்பியதும் 'மெயில்க்யூ' என்று அடித்து, வரிசை காலி என்று அது சொன்ன பிறகுதான் டீ.

அப்பா பின்னால் வந்து நின்றுகொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த தபாலை ஒரு தடவை காட்டு என்றார். பழைய 114இல் ஒன்றைத் திறந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். இது குறிஞ்சியில் உள்ள அஞ்சல் அமைப்பு. தங்கள் தபாலைச் சேர்ப்பிக்க முடியவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். மேற்கொண்டு உதவி தேவையென்றால் போஸ்ட்மாஸ்டருக்கு எழுதவும்.

"போஸ்ட்மாஸ்டருக்கா?"

"ஆமாப்பா. எல்லா மெயில் சர்வரிலும் அந்தப் பேர்ல ஒரு பெட்டி இருக்கணும்னு விதி."

"இங்க யாரு அது?"

பார்த்தேன். ஏலியாசஸ் ஃபைலின் முதல் வரியே அதுதான்: போஸ்ட்மாஸ்டருக்கு வருவதை ரூட்டிடம் கொடு. ரூட்டுக்கு வருவதை யாரிடம் கொடுப்பது என்று எழுதவில்லை. "யாரும் இல்லைப்பா" என்றேன். "வேகன்ட்டா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்துவிட்டு, ரூட்டுக்கு நேரே என் பெயரை எழுதினேன்.

ஞாயிறு ராத்திரியே மூன்று மாதக் கணக்கையும் ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு 38 பேருக்கும் அனுப்பினேன். திங்கள் காலைக்குள் பதினோரு பேர் பதில் போட்டிருந்தார்கள். அதில் நாலு பேர் ஈரக் கழிவைப் பற்றிக் கேட்டிருந்தார்கள், அது எப்போதும் கேட்பதுதான். மார்க்கெட் அக்காவின் மகன் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அவனுக்கு அனுப்பியதுதான் திரும்பி வந்திருந்தது, மூன்றும். 550. அக்கா ஆகஸ்டில் சீட்டில் எழுதிக் கொடுத்த முகவரியைத் தேடி எடுத்துப் பார்த்தால், ஆங்கில எல் என்று நான் படித்தது ஒன்று என்கிற எண்.

போன் பண்ணிச் சரிபார்த்து மறுபடி அனுப்புவதற்குள் அப்பா ஒரு பழைய கட்டை நோட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். கோடு போட்டுக் கொடுத்திருந்தார். தேதி, பெயர், காரணம், கையொப்பம். முதல் வரியை எழுதிக் கையெழுத்துப் போடும்வரை நகரவில்லை.